ஆடி கழித்துப் போட வைத்திருந்த ஆன்டி-வைரஸ்

கம்ப்யூட்டர் தெரியாதவர்களால் யாருக்கும் ஆபத்தில்லை. கொஞ்சம் தெரிந்தவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஆந்திர எல்லையோரக் குடிபாலாவில் எங்கள் வீட்டில் அந்தக் கொஞ்சம் தெரிந்தவள் நான்.

சித்தூருக்கு தினமும் பஸ்ஸில் போய் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தேன். (முதல் வருஷம்தான். பேச்சு மட்டும் கடைசி வருஷம்.) வீட்டுக்கு நெட் வேண்டும் என்று அடம்பிடித்தேன். டவுனில் கேபிள்காரர் நெட் கொடுத்தார், ஆனால் அவருடைய ஒயர் எங்கள் ஊர்வரை வராது. பிராட்பேண்ட் எப்போது என்று கேட்டால் “வஸ்துந்தி, வஸ்துந்தி” (வரும், வரும்) என்றார்கள். கடைசியில் போன் ஒயர் வழியாக வருகிற டயல்-அப்தான் வாய்த்தது. அது வேலை செய்தால் போன் வேலை செய்யாது.

அந்தச் சமயத்தில் சுமதி அக்காவுக்கு ஒரு வரன் வந்தது. திருப்பதிக் குடும்பம். பையன் பாஸ்கருக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ஏற்கெனவே இரண்டு இடம் கடைசி நேரத்தில் தட்டிப்போனதால், இதாவது கூடிவர வேண்டுமே என்று வீடே தவித்தது. அக்கா, அனுப்புவதற்கு எடுத்த போட்டோவை மூன்று முறை மாற்றினாள்.

அக்கா பெயரில் ஒரு மெயில் ஐடி திறந்து, ஜாதகத்தையும் போட்டோவையும் பாஸ்கருக்கும் அவர் வீட்டாருக்கும் நான்தான் அனுப்பினேன். ஆடி கழிந்ததும் பெண் பார்க்க வருகிறோம் என்று பதில் வந்தது.

இதற்குள் நெட் வந்த உடனே போட வேண்டும் என்று காலேஜ் மேடம் சொன்னதால் ஆன்டி-வைரஸ் சி.டி. ஒன்று வாங்கி வந்தேன். நைனா (அப்பாதான்) தடுத்துவிட்டார்.

“ஆஷாடம் பொறந்துடுச்சிமா. புச்சா எதுவும் ஆரம்பிக்கக் கூடாது. ஆடி கழிச்சி நல்ல நாளா பாத்துப் போட்டுக்கலாம்.”

ஆஷாடம் தெலுங்குக்காரர்களுக்கு, ஆடி நமக்கு. எல்லையில் குடியிருக்கிற நைனா யாரையும் பகைத்துக்கொள்ளாமல் இரண்டையும் பார்ப்பார். இரண்டும் சேர்ந்தால் ஒன்றரை மாதத்துக்கு எங்கள் வீட்டில் புதுச் சீப்புகூட வாங்க முடியாது. மேடம் சொன்னதை நான் எடுத்துச் சொல்லியிருக்கலாம். “சரி நைனா” என்றேன். சி.டி. சாமி படத்துக்கு முன்னால் குங்குமப் பொட்டோடு உட்கார்ந்தது. (அங்கிருந்தே காப்பாற்றும் என்று நினைத்தேன் போலிருக்கிறது.)

ஆடி நடுவில் ஒரு மெயில் வந்தது. உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது, திறந்து பாருங்கள் என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. திறந்தேன். பரிசு ஒன்றையும் காணோமே என்று இன்னும் நான்கு முறை திறந்தேன்.

மறுநாள் பாஸ்கரே போன் செய்தார். நைனா பேச, நான் ரிசீவரின் மறுபக்கம் காதை ஒட்டிக்கொண்டேன்.

“ஐயா, நேத்துலேர்ந்து உங்க பொண்ணு பேர்ல எனக்குப் பதினோரு மெயில் வந்துக்கீது. ‘உங்களுக்காக ஒரு ரகசியம், தொறந்து பாருங்க’ன்னு இருக்குது. எங்க அக்காவுக்கும் அதே வந்துக்கினு இருக்குதாம்.”

நைனா அக்காவைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தாள். எனக்கு அழுகை முட்டியது. இந்த இடமும் போயிற்று, கெடுத்தது நான்.

“தப்பா நெனைக்காதீங்க, அது வைரஸோட வேலை. ஆன்டி-வைரஸ் போட்டுக்கீறீங்களா?”

“வாங்கிட்டோம் தம்பி. ஆடி கழிச்சிப் போடலாம்னு பூஜையில வெச்சிக்கீறோம்.”

பாஸ்கர் அவசரமாக, “மொதல்ல கம்ப்யூட்டர் ஒயரப் புடுங்கிடச் சொல்லுங்க” என்றார்.

அக்கா ஓடிப்போய்ப் பிடுங்கினாள். அது போன் ஒயர். மாப்பிள்ளை பேசிக்கொண்டிருக்கும்போதே லைன் செத்துப்போனது.

ஞாயிற்றுக்கிழமை காலை பாஸ்கரும் அவர் அக்காவும் வாசலில் நின்றார்கள். வாங்க என்று சொல்லவும் முடியாமல் சொல்லாமல் இருக்கவும் முடியாமல் நைனா நெளிந்தார்.

“ஆடியில பொண்ணு பாக்கறது...”

“பொண்ணு பாக்க யார் வந்தாங்க? கம்ப்யூட்டர் பாக்க வந்தோம்” என்றார் பாஸ்கரின் அக்கா. அதற்கு எதிராக எந்த சாஸ்திரமும் நைனாவுக்கு ஞாபகம் வரவில்லை.

பாஸ்கர் சி.டி.யைக் கேட்டார். பொட்டோடு கொண்டுவந்து கொடுத்தேன். நைனா மறுபடியும் ஆடி என்று ஆரம்பித்தார்.

“ஜொரம் வந்தா மருந்து துன்றதுக்கு ஆடி பாப்பியா நைனா?” உள்ளே இருந்து சுமதி அக்காவின் குரல். பாஸ்கர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே குங்குமத்தைத் துடைத்து சி.டி.யை உள்ளே தள்ளினார்.

அது வைரஸைத் தேடி முடிக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. அதுவரை அவர் பாடம் நடத்தினார். தெரியாதவர்கள் அனுப்பியதைத் திறக்கக் கூடாது. தெரிந்தவர்கள் அனுப்பியிருந்தாலும் போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் திறக்க வேண்டும். பாஸ்வேர்டை எழுதி ஒட்டக் கூடாது. (எங்களுடையது மானிட்டரின் நெற்றியில், சந்தனப் பொட்டுக்குக் கீழே இருந்தது.) அக்கா எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

“பாஸ்வேர்ட் மறந்துபூட்டா இன்னா பண்றது?” என்று கேட்டாள்.

அரை நிமிஷத்தில் சொல்லிவிடக்கூடிய பதிலை அவர் அரை மணி நேரம் சொன்னார். அப்போதுதான் எனக்கு உயிர் திரும்பி வந்தது.

ஆவணியில் கல்யாணம் ஜாம் ஜாமென்று நடந்தது. என்னால் கெட்டது என்று நான் அழுத சம்பந்தம், என்னால்தான் முடிந்தது என்று இன்றும் சொல்லிக்கொள்கிறேன். ஒருவரும் ஒப்புக்கொள்வதில்லை.

சில வருஷம் கழித்து என் கல்யாணப் பத்திரிகையை பாஸ்கர் மாமா வீட்டார் எல்லோருக்கும் மெயிலில் அனுப்பினேன். ஒரு வாரமாகியும் ஒரு வாழ்த்துகூட வரவில்லை. எட்டாம் நாள் அக்கா போன் செய்தாள்.

“ஏண்டி, இந்தப் பத்திரிகை நீ அனுப்ச்சியா, இல்ல அதுவா வந்துச்சா? இங்க ஒருத்தரும் தொறக்கல.”