பெப்பர்மின்ட் மாஸ்டர்

பூமியின் தென்பாதியில் மௌனத்தைப் பற்றி மிக அதிகமாகப் பேசியவர் யார் என்று ஒரு போட்டி வைத்தால் முதல் பரிசு, இரண்டாம் பரிசு, ஆறுதல் பரிசு மூன்றையும் பெப்பர்மின்ட் மாஸ்டரே தட்டிக்கொண்டு போயிருப்பார். நன்றியுரை என்று ஆரம்பித்து, மண்டபத்தைப் பூட்ட வந்த காவலாளியையும் உட்காரவைத்துப் பேசியிருப்பார்.

எழுபதுகளின் நடுவில் மெல்பர்னில் அவரிடம் நான் ஆசிரியப் பயிற்சி பெற்றேன். அவருக்கு நீளமான, நல்ல யாழ்ப்பாணத்துப் பெயர் ஒன்று இருந்தது. ஆஸ்திரேலியர்களுக்கு அது வாயில் நுழையவில்லை. எங்களுக்கு அது தேவைப்படவில்லை. இலங்கையில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் விரிவுரையாளராக இருந்தவர். இங்கே பிரன்ஸ்விக் பகுதியில், ஒரு பழைய பள்ளிக்கூடத்தின் பின்னறையில், கிரேக்க, இத்தாலிய, துருக்கிப் பெண்களுக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுத்தார். எல்லோரும் தொழிற்சாலைகளில் காலை ஷிப்ட் முடித்துவிட்டு நேரே வகுப்புக்கு வருகிறவர்கள். கூட்டம் பெருகி, இன்னோர் ஆசிரியர் வேண்டும் என்று ஆள் தேடியபோது மாட்டிக்கொண்டவள் நான்.

நான் யார் என்றால், திருச்சியில் ஆங்கில இலக்கியம் எம்.ஏ. முடித்து, ஒரு பெண்கள் கல்லூரியில் இரண்டு வருடம் பாடம் நடத்தி, கல்யாணமாகிக் கணவரோடு மெல்பர்ன் வந்து, பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தவள். உடைந்த பிஸ்கட்டை இடது பக்கம் தள்ள வேண்டும், உடையாததை வலது பக்கம் தள்ள வேண்டும். இதற்கு எம்.ஏ. கட்டாயமில்லை. தலைக்குக் குளித்தாலும் வெனிலா வாசனை போகாது. பயிற்சி முடிவில் கல்வித் துறையிலிருந்து ஓர் அதிகாரி வந்து நான் பாடம் நடத்துவதைப் பார்ப்பார் என்றார்கள். அவருக்குப் பிடித்தால் நான் ஆசிரியை. பிடிக்காவிட்டால் மறுபடி வெனிலா. தொழிற்சாலையில் விடுப்பு வாங்கிக்கொண்டு, குலதெய்வத்தை வேண்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

முதல் நாளே மாஸ்டர் என்னைப் பாடம் நடத்தச் சொல்லிவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். நானும் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, இறந்தகாலம் என்றால் என்ன என்பதில் ஆரம்பித்து, ஒரு மணி நேரம் மூச்சு விடாமல் வெளுத்து வாங்கினேன். நடுவில் இரண்டு மேற்கோள் கூட வந்தது. மணி அடித்ததும் எல்லாப் பெண்களும் என்னைப் பார்த்து அன்பாகச் சிரித்தார்கள். வெற்றி என்று நினைத்துக்கொண்டு மாஸ்டரிடம் போய் நின்றேன்.

"வகுப்பில எத்தினை பேர் கதைச்சவை?" என்று கேட்டார்.

"நான் பேசினேனே சார்."

"ஓம் பிள்ளை, அது தெரியும். உமக்கு இங்கிலீசு தெரியும் எண்டு இப்ப எல்லாருக்கும் விளங்கிப் போச்சு. அவைக்கு எப்ப தெரியிறது?"

பிறகு கோட்டுப் பையிலிருந்து ஒரு வெள்ளைப் பெப்பர்மின்ட்டை எடுத்து நீட்டினார். இதுதான் அவர் கண்டுபிடித்த பயிற்சி முறை. ஆசிரியர் ஒரு கேள்வி கேட்க வேண்டும். உடனே பெப்பர்மின்ட்டை வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். அது முழுவதும் கரையும் வரை வாய் திறக்கக் கூடாது. மாணவர்கள் தவித்தாலும், தப்பாகச் சொன்னாலும், சுவரைப் பார்த்தாலும், நமக்கு நாக்கு அரித்தாலும் பேசக் கூடாது. கடித்து விழுங்கி ஏமாற்றவும் முடியாது. 'கடக்' என்று சின்னச் சத்தம் கேட்டால் போதும், கடைசி வரிசையிலிருந்து ஆள்காட்டி விரல் உயரும். முதல் வாரத்தில் அந்த விரலைப் பார்த்துப் பார்த்தே எனக்குக் கழுத்து வலி வந்தது.

வகுப்பில் இப்படி வாயைக் கட்டிய மனிதர், வெளியே வந்தால் அணை உடைந்துவிடும். நாங்கள் இருவரும் கோபர்க் பகுதியில் குடியிருந்ததால் ஒரே டிராமில்தான் திரும்புவோம். ஏறியதிலிருந்து இறங்கும் வரை, மொழி ஆசிரியன் ஏன் பேசக் கூடாது என்பதைப் பற்றிப் பேசிக்கொண்டே வருவார். டிக்கெட் எடுக்கும்போது பேசுவார். தும்மல் வந்தால் தும்மிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்வார். பக்கத்து இருக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து வேறு இடம் போவார்கள். ஒரு தடவை அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது, சார் வகுப்பில் பேசவே மாட்டார் என்று நான் ஆச்சரியப்பட்டேன். அவர் மனைவி குசினியிலிருந்து தேத்தண்ணியோடு வந்தார். "ஓம் பிள்ளை, அங்க கதைக்காமல் மிச்சம் பிடிக்கிறதை எல்லாம் எனக்குத்தான் கொண்டு வாறவர்" என்றார். மாஸ்டர் அதற்கும் ஒரு விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். அந்த அம்மா போய் வானொலியைப் போட்டுவிட்டார்.

அவருடைய இன்னொரு அங்கம் ஒரு பழுப்பு சூட்கேஸ். அதற்குள் வெங்காயம், கத்தரிக்காய், தண்ணீர்க் குழாய், ஒற்றைச் செருப்பு, இஸ்திரிப் பெட்டி, அலாரம் கடிகாரம் எல்லாம் இருக்கும். வார்த்தையை வார்த்தையால் விளக்கக் கூடாது, பொருளைக் கையில் கொடு என்பது அவர் கட்சி. ஒரு நாள் டிராமில் அந்த அலாரம் தானாக அடித்தது. கண்டக்டர் ஒரு கிரேக்கர். உள்ளே என்ன என்று கேட்டார். கேட்டிருக்கக் கூடாது. மாஸ்டர் சூட்கேஸைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பயணிகள் கையில் கொடுத்தார். ஒரு வக்கீல் தோரணைக்காரர் கத்தரிக்காயோடும், பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தி தண்ணீர்க் குழாயோடும் உட்கார்ந்திருக்க, ஆளுக்கு ஆள் பேர் சொல்லி, கண்டக்டர் எல்லாவற்றுக்கும் கிரேக்கப் பெயர் சொல்லி, கடைசியில் எல்லோருமே அவரவர் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி டெர்மினஸ் வரை போய்விட்டோம். அன்றிலிருந்து கண்டக்டர் அவரை 'புரொபசர்' என்றுதான் கூப்பிட்டார்.

பயிற்சியின் உச்சகட்டம் என்னை மாணவியாக உட்காரவைத்ததுதான். மக்காக இருந்து பார்க்காதவருக்கு மொழி சொல்லிக்கொடுக்கத் தகுதி இல்லை என்று மாஸ்டர் அறிவித்தார். எனக்குக் கிரேக்கம் கற்றுக்கொடுக்க அவர் நியமித்த ஆசிரியை ஸ்டாவ்ரூலா. பின்னல் ஆலையில் வேலை செய்பவர், முன்வரிசையில் கைப்பையை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வகுப்பில் சேர்ந்ததிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை பேசியதில்லை. கூப்பிட்டால் முகம் சிவந்து கைப்பையைப் பார்ப்பார்.

அந்த ஸ்டாவ்ரூலா வெங்காயத்தைக் கையில் எடுத்துக்கொண்டு என் முன்னால் நின்றார். "கிரெமீடி" என்றார். எம்.ஏ. படித்த என் நாக்கு கிரமிதி, கிரிமிடி என்று உருண்டு, கிருமிநாசினி வரைக்கும் போய்விட்டது. மற்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எனக்குக் காது சூடாகி, இனி வாயே திறப்பதில்லை என்று தோன்றியது. ஸ்டாவ்ரூலா சிரிக்கவில்லை, திருத்தவும் இல்லை. புருவத்தைத் தூக்கி, உடம்பு முழுவதையும் என் பக்கம் சாய்த்து, உலகத்தில் வேறு வேலையே இல்லாத மாதிரி காத்திருந்தார். நான் எப்படியோ சொல்லி முடித்ததும் என்னை இழுத்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். வெங்காய வாசனையோடு வீட்டுக்குப் போனேன். அன்று ராத்திரி முழுக்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இதற்கிடையில் ஒரு சிக்கல். பெண்கள் வேலை செய்த ஆலை ஒன்றிலிருந்து ஒரு ஃபோர்மன் வந்து நின்றார். சனிக்கிழமை வேலைக்கு வர முடியுமா என்று கேட்டால், உங்கள் வகுப்புப் பெண்கள் எல்லாம் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டுகிறார்கள், அது சரியா, முடியாதா, ஒன்றும் புரியவில்லை என்றார். மாஸ்டரும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம். வாயில் பெப்பர்மின்ட்டைப் போட்டுக்கொண்டு நாங்கள் இருவரும் தலையை ஆட்டி ஆட்டியே 'சரி, நல்லது, மேலே சொல்லு' என்று பாடம் நடத்தியதில், கிரேக்கம், இத்தாலி, துருக்கி மூன்று நாடும் தஞ்சாவூர் பொம்மையாகியிருந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மாஸ்டருக்கோ பெருமை தாங்கவில்லை. தலை வந்துவிட்டது, இனி வாய் பின்னாலேயே வரும் என்று டிராமில் அரை மணி நேரம் பேசினார்.

அதிகாரி வரும் நாளும் வந்தது. கடைக்குப் போய்ப் பேரம் பேசுவது என்று ஒரு பாடம் தயாரித்திருந்தேன். அதற்கு வேண்டிய சாமான் எல்லாம் சூட்கேஸில். டிராமில் மாஸ்டர் அதை என்னிடம் கொடுக்காமல் தானே வைத்துக்கொண்டு, சோதனை நேரத்தில் ஆசிரியர் எப்படி அமைதி காக்க வேண்டும் என்று பேச ஆரம்பித்தார். இறங்கினோம். டிராம் புறப்பட்டுப் போனது. நடைபாதையில் நின்றபோதுதான் அவர் கை சும்மா இருப்பதைப் பார்த்தேன்.

மழை வேறு. "சூட்கேஸ் எங்க சார்?" என்றேன். அவர் டிராம் போன திசையைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மூக்கில் வெனிலா வாசனை அடித்தது. மாஸ்டர் என் கையில் ஒரு பெப்பர்மின்ட்டை வைத்தார். "பிள்ளை, சாமான் இல்லாட்டியும் ஆக்கள் இருக்கினம். ஒரு கேள்வி கேளும், பிறகு வாயை மூடும்" என்றார். சோதனை நடக்கும்போது பயிற்சி கொடுத்தவர் ஒரு வார்த்தை பேசினாலும் நான் தோற்றதாகிவிடும் என்பது விதி. அவரை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

அதிகாரி உயரமாய், ஒல்லியாய், சொட்டச் சொட்ட நனைந்த கோட்டோடு வந்து வகுப்பின் முன்பக்கம் ஓரமாக உட்கார்ந்தார். மாஸ்டர் கடைசி வரிசைக்குப் போனார். நான் வெறுங்கையோடு பலகை முன்னால் நின்றேன். தயாரித்தது எதுவும் நினைவில் இல்லை. "நமக்கு ஒரு விருந்தாளி வந்திருக்கிறார், அவரிடம் என்ன கேட்கலாம்?" என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டுப் பெப்பர்மின்ட்டை வாயில் போட்டுக்கொண்டேன்.

வகுப்பு கப்சிப். கடிகாரம் நகர்கிறது. அதிகாரி பேனாவைத் திறந்து மூடினார். நானே ஒரு கேள்வி கேட்டு, நானே பதில் சொல்லி, இரண்டு மேற்கோளும் சேர்த்துக் காப்பாற்றிவிடலாம் என்று நாக்கு துடித்தது. கடித்து விழுங்கத்தான் போனேன். அப்போது முன்வரிசையில் ஸ்டாவ்ரூலா என்னைப் பார்த்தார். வெங்காயம் நினைவுக்கு வந்தது. நானும் புருவத்தைத் தூக்கி, உடம்பை அவர் பக்கம் சாய்த்து, காத்திருந்தேன்.

ஸ்டாவ்ரூலா முகம் சிவந்தது. கைப்பையைப் பார்த்தார். பிறகு எழுந்து அதிகாரியிடம் நேரே போனார்.

"யூ வெட்" என்றார். "கோட் ஆஃப். நவ்."

அதிகாரி எழுந்து கோட்டைக் கழற்றினார். ஸ்டாவ்ரூலா அதை வாங்கி உதறி ஹீட்டருக்குப் பக்கத்தில் காயப்போட்டார். அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. மதியம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார் இத்தாலியப் பெண் கார்மேலா. ரொட்டியும் வெண்ணெயும் என்றார் அதிகாரி. வகுப்பு முழுவதும் உச்சுக் கொட்டியது. ஏன் இவ்வளவு ஒல்லி, மனைவி சமைப்பதில்லையா என்று இன்னொரு குரல். மனைவி இல்லை என்றார். ஏன் இல்லை, என்ன வயது, அம்மா எங்கே, அம்மா இதைப் பற்றி என்ன சொல்கிறார் என்று நாலா பக்கமிருந்தும் கேள்வி பறந்தது. கார்மேலா தன் பையிலிருந்து கத்தரிக்காய் வறுவலும் ரொட்டியும் எடுத்து அவர் மடியில் வைத்துவிட்டு, தன் அத்தை மகளின் குணநலன்களை எடுத்துச் சொன்னார். ஸ்டாவ்ரூலா குறுக்கிட்டு, தன் தங்கை இன்னும் நன்றாகச் சமைப்பாள் என்று வாதாடினார். வினைச்சொல் ஒன்று கூட ஒழுங்காக இல்லை. ஆனால் விளங்காத சொல்லும் ஒன்று கூட இல்லை.

அதிகாரி சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தான் சொல்வதெல்லாம் புரிகிறதா என்று வகுப்பைக் கேட்டார். அத்தனை தலைகளும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடின. அவர் குழம்பிப்போய், இது ஆமாவா இல்லையா என்று என்னைக் கேட்டார். என் வாயில் பெப்பர்மின்ட் இன்னும் இருந்தது. நானும் தலையை ஆட்டினேன். அவர் கதியற்றுக் கடைசி வரிசையைப் பார்த்தார்.

அங்கே மாஸ்டர் இருந்த கோலத்தை நான் எப்படிச் சொல்வேன். பேசிவிடுவோமோ என்ற பயத்தில் பையில் இருந்த பெப்பர்மின்ட் அத்தனையையும் ஒரே நேரத்தில் வாயில் திணித்திருந்தார். இரண்டு கன்னமும் உப்பி, முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அவரும் தலையை ஆட்டினார்.

போகும்போது அதிகாரி என் கையைக் குலுக்கி, நீங்கள் மொத்தமே ஒரு கேள்விதான் கேட்டீர்கள், திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிடுங்கள் என்றார். கோட்டை ஸ்டாவ்ரூலாவே பொத்தான் போட்டு அனுப்பினார்.

திரும்பும்போது அதே டிராம், அதே கண்டக்டர். பத்திரமாக எடுத்து வைத்திருந்த சூட்கேஸைக் கொடுத்தார். மாஸ்டர் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். இனி ஆரம்பிப்பார், கோபர்க் வரை தப்ப முடியாது என்று நான் தயாராக உட்கார்ந்தேன். அவர் பேசவில்லை. டிராம் நின்று நின்று போனது, அப்போதும் பேசவில்லை. கண்டக்டர் பயந்துபோய், புரொபசருக்கு உடம்புக்கு ஏதாவதா என்று என்னிடம் ஜாடையில் கேட்டார். மாஸ்டர் ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார்.

நான் இறங்கும் இடம் வந்தது. அன்றுவரை என்னைப் பிள்ளை என்று மட்டுமே கூப்பிட்ட மனிதர், எழுந்து வழிவிட்டு நின்றார்.

"போயிட்டு வாரும், ரீச்சர்" என்றார்.

அதற்கப்புறம் நான் நிறையப் பட்டயங்களும் பாராட்டும் வாங்கினேன். எதுவும் டீச்சர் என்ற அந்த ஒரு சொல்லுக்குப் பக்கத்தில் வரவில்லை. மாஸ்டர் போய்ப் பல வருடங்களாகிவிட்டன. வகுப்பில் அவர் கட்டிய வாயை நான் இன்றும் கட்டித்தான் வைத்திருக்கிறேன். ஆனால் அவரோடு இன்னும் ஒரே ஒரு டிராம் பயணம் உண்டு என்று யாராவது சொன்னால், அன்று பேசாமல் வந்தாரே, அந்த மாஸ்டர் வேண்டாம். பேசிப் பேசியே என்னை டெர்மினஸ் வரைக்கும் கொண்டுபோய் விடுவாரே, அவர்தான் எனக்கு வேண்டும்.