எங்கள் பாட்டின் ஐந்தாவது தொண்டை

அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடையில் யார் செத்தாலும், யாருக்குக் காது குத்தினாலும், முதலில் இருமுவது எக்கோ அண்ணன்தான். மைக் செட் போடுகிறவர். மற்றவர்கள் 'ஒன், டூ, த்ரீ' சொல்லி மைக்கைச் சோதிப்பார்கள். இவர் இருமிச் சோதிப்பார். எதிரொலிக் குமிழை முழுசாகத் திருப்பிவிடுவதால் ஒரு இருமல் கண்மாயைத் தாண்டிப் போய்த் திரும்பி வரும்.

கடவுள், குடும்பமெல்லாம் அவருக்கு ஒயருக்குப் பிறகுதான். எவராவது அதில் கால் வைத்தால், "ஏ, ஒயர மிதிக்காதீகப்பா!" என்று மைக்கிலேயே அலறுவார். ஒரு துட்டி வீட்டில் பாடை தூக்கியவர்களையே நிறுத்தி ஒயரைத் தாண்டவைத்தார். அன்றைக்கு அவரிடம் திட்டு வாங்காதவர் இறந்தவர் மட்டும்தான்.

பாளையம்பட்டியில் நாங்கள் நாலு பேர் பாட்டுக்குழு வைத்திருந்தோம். நிற்காமல் போகும் டவுன் பஸ்ஸைத் திட்டி எங்களில் ஒருத்தியான ஸ்டெல்லா ஒரு பாட்டுக் கட்டியிருந்தாள். பரளச்சிப் பக்கம் ஒரு சர்ச்சில் அசனம்; ஊரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும்போது பாட வாய்ப்பு. கீபோர்டோடு போனோம்.

"இதையும் சொருகுனா ஆம்ப்ளிஃபயர் புகைஞ்சிரும். வாயி இருக்குல்ல? வாயால வாசிங்க" என்றார் எக்கோ அண்ணன்.

வாயால் வாசித்தோம். பின்னால் பேட்டிகளில், 'கருவியே இல்லாமல் பாடியது ஆழ்ந்த கலை முடிவு' என்று கூசாமல் சொன்னோம்.

கடைசிச் சரணத்துக்கு முன், பஸ் வருகிறதா என்று பார்ப்பதுபோல் ஸ்டெல்லா கொஞ்சம் நிறுத்துவாள். அந்த மௌனத்தில் சாம்பார் வாளிக்காரர் ஒயரில் கால் வைத்தார்.

"ஏ, ஒயர மிதிக்காதீகப்பா!"

செல்போனில் எடுத்ததை அப்படியே இணையத்தில் போட்டோம். ஒரே வாரத்தில் ஊரெல்லாம் பாடியது எங்கள் வரிகளை அல்ல, அவர் வரியை. கல்யாண வீடுகளில் மாப்பிள்ளையும் பெண்ணுமே ஒயரை மிதித்து வீடியோ எடுத்தார்கள்.

பாட்டை ஸ்டூடியோவில் பதிவு செய்யச் சென்னையிலிருந்து ஒரு கம்பெனி கூப்பிட்டது. எக்கோ அண்ணன் புதுச் சட்டை எடுத்தார். தொண்டையைக் காப்பாற்ற இரண்டு நாள் பனங்கற்கண்டைச் சப்பிக்கொண்டு, சைகையிலேயே குடும்பம் நடத்தினார். பிறகு வந்து கேட்டார்: "நான் கத்துற எடத்த எப்ப ரெக்கார்டு பண்ணுறாக தாயி?"

ஸ்டெல்லா தரையைப் பார்த்தாள். "அண்ணே... சத்தம் சுத்தமா இருக்கணுமாம். அது வேணாங்குறாக."

"அப்ப அங்க தரையில ஒயரே கெடையாதாக்கும்?" என்றார். அவ்வளவுதான்.

நாலு பேரில் ஒருத்தர்கூட கம்பெனியிடம் அவருக்காகப் பேசவில்லை. கையெழுத்துப் போடப் பேனாவுக்குத்தான் அடித்துக்கொண்டோம். சுத்தமான பாட்டு வந்தது, கொதித்து ஆறிய தண்ணீர் மாதிரி. ஊரில் ஒரு குழந்தைகூடப் பாடவில்லை.

அடுத்த வருஷம் அதே அசனம், அதே மைக் செட். எக்கோ அண்ணன் மைக்கைத் தட்டி, "ஒன், டூ, த்ரீ" என்றார். இருமவில்லை.

பாடினோம். ஸ்டெல்லா நிறுத்துகிற இடம் வந்தது. ஊரே இப்போது உஷார். சாம்பார் வாளிக்காரர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒயரைத் தாண்டிப் போனார். எக்கோ அண்ணன் உதட்டை இறுக்கிக்கொண்டு ஆம்ப்ளிஃபயரையே பார்த்தார். ஸ்டெல்லா அடுத்த சரணத்தை எடுக்கவில்லை. சோற்றில் வைத்த கையோடு பந்தி மொத்தமும் காத்திருந்தது.

அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். அவரைப் பார்த்துக்கொண்டே, மெதுவாக ஒயரை மிதித்தாள்.