‘உம்’ என்பதன் உட்பொருள்

மானுட வரலாற்றில் செவி என்னும் உறுப்பின் முழுப்பயனையும் கண்டறிந்த முதல் மனிதர் ஒரு தலைமை எழுத்தர் என்பதை இனியும் மறைப்பது அறமன்று. அலுவலகத்தில் எவருடைய குறையும் அவர் காதில் ஏறியதில்லை. அது, அவ்வுறுப்பை உயர்ந்த பணி ஒன்றுக்காகச் சேமித்துவைத்த காலம். வீட்டுக்கு ஒரு பன்றிக்குட்டி வந்ததும் சேமிப்பு பலன் தந்தது.

குட்டிக்கு ‘அம்மணி’ என்று பெயரிட்டார். மனைவிக்கு ஏற்கெனவே ‘இங்க பாரு’ என்ற பெயர் இருந்தபடியால் குழப்பம் நேரவில்லை.

ஞாயிறுதோறும் ‘பன்றி மனம் அறிவோர் கழகம்’ கூடியது. பன்றியோடு சேர்ந்த கன்றைப் பற்றிய பழமொழி ஓர் அவதூறு என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டது. அங்கேதான் ஒரு ஞாயிறன்று தலைமை எழுத்தர் உறுமல்களை வகைப்படுத்திக் கட்டுரை வாசித்தார். குட்டையாக, தாழ்ந்து வந்தால் பாசம். இழுத்து வந்தால் ஏக்கம். மூக்கால் முட்டினால், ‘என்னைக் கொஞ்சம் கவனி.’ வயிற்றைத் தடவும்போது பொத்தென்று சாய்ந்து படுத்தால் பூரண நம்பிக்கை. உறுப்பினர்கள் கண்கலங்கினர்.

மருத்துவமனை ஆய்வகத்தில் இரத்தம் சோதிக்கும் மனைவி, மறுநாள் மாலை அவர் அருகில் வந்து அமர்ந்தார். வெளியூர்க் கிளையில் தலைமைப் பொறுப்புக்குத் தன்னை அழைப்பதாகச் சொன்னார். அங்கே தனியாக வீடெடுத்துத் தங்க வேண்டும், போவதா வேண்டாமா என்று மனம் அல்லாடுகிறது என்றார். போகட்டுமா என்று கேட்டார். அம்மணியின் வயிற்றைத் தடவியபடியே, ஆழ்ந்த கவனத்துடன், “உம்” என்றார் அவர். மனைவி எழுந்து போனார்.

அடுத்த வாரம் அம்மணி தீனியைத் தொடவில்லை. கூடத்தில் இருந்த ஒரு பெட்டியை மூக்கால் முட்டி முட்டி, இழுத்து இழுத்து உறுமியது. பதறிப்போன தலைமை எழுத்தர் தரையில் மண்டியிட்டுச் செவிமடுத்தார். நோய்மூலம் பிடிபட்டது.

“யாரையோ பிரியப்போறோம்னு ஏங்குது. இங்க பாரு, நடுவீட்டுல இந்தப் பெட்டி எதுக்கு?”

“நாளைக்கு நான் போறேன்ல. அதுக்குத்தான்.”

“எங்க?”

மனைவி துணி மடிப்பதை நிறுத்தவில்லை. “அன்னிக்குக் கேட்டேனே, போகட்டுமான்னு. ‘உம்’னீங்க. சரின்னு எழுதிக் குடுத்துட்டேன்.”

“அது சம்மத ‘உம்’ இல்ல. நீ பேசும்போதெல்லாம் போடற ‘உம்’.”

“எனக்கெப்படிங்க தெரியும்? உங்க உறுமலை வகை பிரிக்க நான் என்ன கழகமா வச்சிருக்கேன்?”

‘போகாதே’ என்ற சொல் அவர் தொண்டைவரை வந்தது. பழக்கமின்மையால், வாயைத் தாண்டும்போது அதுவும் “உம்” என்றே வெளிப்பட்டது.

“அம்மணியையும் கூட்டிக்கிட்டுப் போறேன்,” என்றார் மனைவி. “புது ஊரு. பேச்சுத் துணை வேணும்ல.”

கழகம் இந்நிகழ்வைத் தன் ஆண்டறிக்கையில் பெருமையுடன் பதிவு செய்திருக்கிறது. ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த இரு உயிரினங்களை ஒப்பாய்வு செய்ததில், இல்லாள் பிரியப்போவதைப் பன்றி முன்கூட்டியே உணர்ந்துகொண்டது. மற்ற உயிரினத்தின் பெயர், அதன் பணிமூப்பு கருதி, வெளியிடப்படவில்லை.