சட்டையில் சோம்பு வாசம்

"எம்மக சத்தம் போட்டா நீங்க பயப்பட வேணாம் மாப்பிள. அவ சத்தம் போடாம இருந்தாத்தான்..."

இதைச் சொன்னவர் சோலைமலையின் மாமனார், ஒரு காலத்தில் தோட்டத்து ஆட்களுக்கெல்லாம் தலைவராக இருந்த பழைய பெரியகங்காணி மாயாண்டி. சொன்ன இடம் கல்யாணப் பந்தல். மீதியை மேளக்காரர்கள் அடித்துக்கொண்டு போய்விட்டார்கள். சத்தம் போடாமல் இருந்தால்தான் என்ன? சந்தோஷப்பட வேண்டுமா, சாமி கும்பிட வேண்டுமா? சோலைமலை அதைத் திருப்பிக் கேட்கவில்லை. பந்தியில் இலை போட்டாகிவிட்டது.

பிறகு கேட்க வேண்டிய அவசியமும் வரவில்லை. அம்மாக்கண்ணு சத்தம் போட்டுக்கொண்டேதான் இருந்தாள்.

நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் சோலைமலை கணக்கப்பிள்ளை. கொழுந்து பறிக்கும் மலையில் அவர் இருமினால் பெண்கள் பேச்சை நிறுத்துவார்கள். வீட்டில் இருமினால் கசாயம் வரும். குடிக்காமல் தப்ப முடியாது. இந்த இரண்டு நிலைக்கும் நடுவில் அவருக்கென்று இருந்த ஒரே இடம், நோட்டன் பிரிட்ஜ் அணைக்கட்டுத் தண்ணீரின் ஓரத்தில் ஒரு பாறை. அதில் தூண்டிலோடு உட்கார்ந்தால் யாரும் அவரைக் கேள்வி கேட்பதில்லை. மீன்கள் பேசாத பிராணிகள் என்பதால் அவற்றின் மேல் அவருக்குத் தனி மரியாதை.

அந்த இடத்துக்கும் ஒரு நாள் ஆபத்து வந்தது. தூண்டிலுக்கு எடுத்த மண்புழுக்களை அவர் ஈரமண்ணோடு ஒரு டின்னில் போட்டு அடுப்படி மூலையில் வைத்திருந்தார். டின் என்றால் டின்தானே என்பது அவர் எண்ணம். அது மல்லித்தூள் டின் என்பது அம்மாக்கண்ணுவின் எண்ணம். மறுநாள் விடியுமுன் அவள் கண்ணை மூடிக்கொண்டு கையை உள்ளே விட்டாள். அப்போது எழுந்த சத்தத்தை, ஆட்களை வேலைக்குக் கூட்டும் பெரட்டுக்கு அடித்த தப்பு மேளம் என்று நினைத்து, மேல் லயத்து வரிசை வீடுகளின் ஆட்கள் கம்பளியும் கூடையுமாகக் கிளம்பிவிட்டார்கள் என்று தோட்டத்தில் இன்றைக்கும் சொல்வார்கள்.

அன்று சாயந்தரமே மாரியம்மன் கோயிலில், கொளுத்திய சூடத்தை உள்ளங்கையால் அணைத்து, இனி புழுவைத் தொடமாட்டேன் என்று சோலைமலை சத்தியம் பண்ணினார். தூண்டில் பரணுக்குப் போனது. பாறையில் பாசி பிடித்தது.

அம்மனுக்கே அவர்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். அந்த வருஷம் தோட்டத்து உதவி மேனேஜரான வெள்ளைக்காரச் சின்னதொரை வேலையை விட்டுச் சீமைக்குத் திரும்பினார். போகும்போது எல்லாருக்கும் ஏதாவது கொடுத்தார். வெளிவேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவுக்கு நாற்காலி, டிரைவருக்குத் தொப்பி. சோலைமலைக்கு ஒரு தகர டப்பா.

திறந்து பார்த்தால் உள்ளே புழுக்கள். சிவப்பிலும் ஊதாவிலும். கையில் எடுத்தால் வழுக்கின, ஆட்டினால் நெளிந்தன. ஆனால் உயிரில்லை. ரப்பர் மாதிரி ஏதோ ஒன்றில் அமெரிக்காவில் செய்தவையாம். மூக்கருகே கொண்டுபோனால் சோம்பும் சீனிப்பாகும் கலந்த வாசம். அதற்கு மேலே, நுவரெலியாவில் குதிரை ரேஸ் நாளன்று துரைசாணிமார் பூசிக்கொண்டு வரும் சென்ட்டில் ஒரு சொட்டு.

சின்னதொரை தன் அரைத் தமிழில் விளக்கினார். இது பாஸ் என்கிற மீனுக்கு. மூடியில் படம் போட்டிருக்கிறதே, அந்தப் பெரிய வாய்க்காரன். வெறும் ரப்பரைக் கடித்தால் மீன் உடனே துப்பிவிடும். வாசம் இருந்தால், நல்ல சாமான்தான் போலிருக்கிறது என்று கொஞ்ச நேரம் வாயில் வைத்திருக்கும். அந்தக் கொஞ்ச நேரம் போதும். ஆனால் இந்த ஊரில் பாஸ் மீன் கிடையாது என்று வருத்தத்தோடு முடித்தார்.

பாஸ் இல்லாவிட்டால் என்ன, நம் ஊர்க் கெண்டைக்கு மூக்கு இல்லையா என்று சோலைமலை நினைத்துக்கொண்டார். புழுவைத் தொடமாட்டேன் என்றுதானே சத்தியம். ரப்பரைப் பற்றி அம்மனிடம் யாரும் பேச்செடுக்கவில்லையே.

இனி வேண்டியது சனிக்கிழமை மத்தியானம் வீட்டைவிட்டுக் கிளம்ப ஒரு காரணம். அதையும் அம்மாக்கண்ணுவே கொடுத்தாள்.

மகள் நாகலெட்சுமி தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பை முதலாவதாகப் பாஸ் பண்ணியிருந்தாள். அதற்கு மேல் அங்கே வகுப்பு இல்லை. அட்டன் டவுனில் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற பள்ளிக்கூடத்தில் சேர்த்து அங்கேயே தங்கிப் படிக்க வைக்க வேண்டும் என்று அம்மாக்கண்ணு பிடியாக நின்றாள். புதுத் தவணை தொடங்குமுன் சேர்த்தால் உண்டு, இல்லாவிட்டால் இடமில்லை. சோலைமலையோ லிந்துலையில் இருக்கும் தங்கச்சிக்கு ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தார். பெண் வயசுக்கு வந்ததும் தங்கச்சி மகனுக்குத்தான். அதிகம் படிக்க வைத்து அந்தப் பையனுக்குக் கூச்சம் உண்டாக்கக் கூடாது என்பது தங்கச்சியின் கட்டளை. வீட்டில் இதைச் சொல்லும் தைரியம் அவருக்கு இல்லை. ஆகவே, சனிக்கிழமை அட்டனுக்குப் போய்ப் பெரிய சிஸ்டரைப் பார்த்துப் பேசிவிட்டு வருகிறேன் என்றார். பெரிய சிஸ்டர் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஊரில் இருக்கமாட்டார். அப்படியே தவணையும் தொடங்கிவிடும். மீனுக்கு மீனும் ஆச்சு, தங்கச்சிக்கு வாக்கும் ஆச்சு.

முதல் சனிக்கிழமை அட்டன் பஸ்ஸில் ஏறி அணைக்கட்டிலேயே இறங்கிவிட்டார். தூண்டிலை முன்பே அங்கிருந்த பாவாவின் துணிக்கடையில் வைத்திருந்தார். பாவா அவருடைய சினேகிதர், வாய் திறக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவர். பாறையில் உட்கார்ந்து புழுவை வீசியதும் கெண்டைகள் நுவரெலியா ரேஸுக்குக் கூட்டம் போவதுபோல் வந்தன. ஒன்று புழுவையே விழுங்கிவிட்டு நூலோடு போக, அதையும் இழுத்துப் போட்டார். மீனை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாதே. அத்தனையையும் பாவாவிடம் கொடுத்துவிட்டு, கையை நன்றாகக் கழுவிக்கொண்டு வீடு திரும்பினார்.

கை கழுவினார். சட்டையை மறந்துவிட்டார்.

சிஸ்டர் கண்டிக்குப் போய்விட்டாராம் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள், கழற்றிப் போட்ட சட்டையை அம்மாக்கண்ணு எடுத்து முகத்தருகே கொண்டுபோனாள். சோலைமலை காதைத் தயார்ப்படுத்திக்கொண்டார்.

"வாசமா இருக்கே" என்றாள்.

"அந்தப் பள்ளிக்கூடத்து வாசம். தரைக்கு ஏதோ பூசுறாங்க."

"அப்ப சுத்தமான எடந்தான்" என்றாள். சட்டையைக் கொடியில் போட்டாள். அவ்வளவுதான்.

அவ்வளவுதானா? சோலைமலை சாப்பிடும்போது யோசித்தார், படுக்கும்போது யோசித்தார். பக்கத்து மலையில் அடுப்பில் பால் பொங்கினாலே கண்டுபிடிக்கிற மூக்கு அது. புருஷன் துரைசாணி சென்ட்டோடு வீட்டுக்கு வந்திருக்கிறான், சுத்தமான எடம் என்கிறாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பாவாவின் பெண்சாதி அசீசா வழக்கம்போல் விற்பனைக்குச் சீத்தைத் துணி மூட்டையோடு தோட்டத்துக்கு வந்தாள். மத்தியானம் சோலைமலையின் தட்டில் மீன்கறி விழுந்தது.

"மீன் ஏது?"

"அசீசா கொண்டாந்தா. யாரோ பாவாவுக்குச் சும்மா குடுத்தாங்களாம். சாப்புடுங்க."

தான் பிடித்த மீனை, யாரோ ஒரு புண்ணியவான் பிடித்தது என்று பாராட்டிச் சாப்பிட்டார். ஒவ்வொரு வாய்க்கும் மனைவியின் முகத்தை ஒரு முறை பார்த்தார். பாவா வாயைத் திறக்கவில்லை, சரி. அசீசாவின் வாய்க்கு யார் பொறுப்பு? அம்மாக்கண்ணு முகத்தில் ஒன்றுமே இல்லை. இன்னொரு துண்டு போடவா என்று மட்டும் கேட்டாள்.

அடுத்தடுத்த சனிக்கிழமைகளிலும் இதே கதைதான். சிஸ்டருக்குக் காய்ச்சல் வந்தது, விருந்து வந்தது, பூசை வந்தது. அவர் சட்டையில் சோம்பு வாசம் வந்தது, தட்டில் மீன் வந்தது. சத்தம் மட்டும் வரவில்லை.

அதற்குப் பதில் கேள்விகள் வந்தன. அதுவும் அக்கம்பக்கத்துப் பெண்கள் குழாயடியில் கூடியிருக்கும் நேரமாகப் பார்த்து. அந்தப் பள்ளிக்கூடம் பெரிசாங்க? பிள்ளைங்க தூங்க கட்டில் இருக்காங்க? பார்க்காத பள்ளிக்கூடத்தைச் சோலைமலை செங்கல் செங்கலாகக் கட்டினார். கண்ணாடி ஜன்னல் வைத்தார். ரோஜாத் தோட்டம் போட்டார். இங்கிலீசில் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார். கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள். கணக்கப்பிள்ளை ஐயா மகளை அட்டனில் சேர்க்கப் போகிறாராம் என்று லயம் லயமாகச் செய்தி ஓடியது. கண்டாக்கையா பெரட்டுக்களத்தில் எல்லார் முன்னாலும் அவருக்குக் கை கொடுத்தார். அந்தப் பெருமை ருசியாகத்தான் இருந்தது. துப்ப மனம் வரவில்லை.

ஆனால் வீட்டுக்குள் ஏதோ நடந்துகொண்டிருந்தது. கட்டிலுக்கு அடியில் புதுத் தகரப் பெட்டி ஒன்று முளைத்தது. அவர் உள்ளே வந்தால் பேச்சு நின்றது. ஒரு சனிக்கிழமை அவர் கிளம்பும்போது அம்மாக்கண்ணு ரொட்டியும் சம்பலும் கட்டிக் கொடுத்து, கூடவே ஒரு பொட்டலத்தையும் பைக்குள் திணித்தாள். பாறையில் உட்கார்ந்து பிரித்தார். உள்ளே சோம்பு. அன்றைக்கு அவருக்கு ஒரு மீனும் படவில்லை. தூண்டிலை விட்டுப் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அசீசா வந்திருந்தாள். கொல்லைப்புறத்தில் முகம் கழுவிக்கொண்டிருந்த சோலைமலையின் காதில், அடுப்படியில் அம்மாக்கண்ணு அவளிடம் சொன்னது தெளிவாக விழுந்தது.

"திங்கக்கெழம மொத பஸ்ஸுக்குக் கெளம்பணும். அவுங்ககிட்ட இப்ப மூச்சு விட்றாத."

சோலைமலைக்குக் கண்ணில் சோப்பு எரிந்தது, அதோடு எல்லாம் விளங்கிவிட்டது. பெட்டி. சோம்பு. சத்தமில்லாத வீடு. சென்ட்டு வாசத்தை வைத்து அவள் கணக்குப் போட்டிருக்கிறாள். அட்டனில் அவருக்கு ஒருத்தி இருப்பதாக முடிவு கட்டிவிட்டாள். நாளைக்குப் பிள்ளையோடு அப்பன் வீட்டுக்குப் போகப் போகிறாள். மாமனார் சொன்னதின் மறுபாதி இதுதானோ? அவள் இல்லாத வீட்டை நினைத்துப் பார்த்தார். கசாயம் இல்லை, கேள்வி இல்லை, சத்தம் இல்லை. அப்படி ஒரு வீட்டில் ஒரு பொழுது இருக்க முடியாது என்று அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

அசீசா மூட்டையைத் தூக்கிக்கொண்டு போகும்வரை காத்திருந்தார். பிறகு ஈரமுகத்தோடு அடுப்படி வாசலில் வந்து நின்றார். எல்லாவற்றையும் கொட்டினார். தான் அட்டனுக்குப் போனதே இல்லை, அணைக்கட்டில் மீன்தான் பிடித்தேன், வேறு எவளும் இல்லை, வாசம் ரப்பர் புழுவின் வாசம், அது இருந்தால் மீன் துப்பாமல் கொஞ்ச நேரம் வாயில் வைத்திருக்கும், சின்னதொரையே சொன்னார், வேண்டுமானால் சீமைக்கு எழுதிக் கேட்கலாம், பெட்டியை மட்டும் தூக்காதே என்று ஒரே மூச்சில் சொன்னார்.

அம்மாக்கண்ணு வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை.

"எவளும் இல்லன்னு எனக்குத் தெரியும்ங்க" என்றாள். "ஒங்கள எவ கட்டி மேய்ப்பா?"

எழுந்துபோய் அஞ்சறைப்பெட்டியைத் திறந்தாள். சோம்புக் குழியிலிருந்து சிவப்பாக ஒன்றை எடுத்து நீட்டினாள். ரப்பர் புழு.

"மொத வாரமே அசீசா மீனை அறுத்தப்ப தொண்டையில இருந்துச்சாம். பயந்துபோயி எடுத்துக்கிட்டு ஓடியாந்தா. மோந்து பாத்தேன். ஒங்க சட்ட."

"அப்ப ஏன் நீ சத்தம் போடல?"

"கொஞ்ச நேரம் வாயில வச்சிருக்கட்டும்னுதான்."

சோலைமலை வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். அவள் மிச்சத்தையும் நிதானமாகச் சொன்னாள். இரண்டாவது சனிக்கிழமையே, அவர் போன பின்னால் அடுத்த பஸ்ஸில் மகளைக் கூட்டிக்கொண்டு அவள் அட்டனுக்குப் போயிருக்கிறாள். சிஸ்டரைப் பார்த்துப் பேசி இடமும் வாங்கிவிட்டாள். பஸ் அணைக்கட்டைத் தாண்டும்போது பிள்ளை ஜன்னலில் கையை நீட்டி ஆட்டியிருக்கிறாள். அவர் திரும்பவில்லை. தூண்டிலில் அவ்வளவு கவனம்.

"தகப்பன் வந்து நேர்ல ஒப்புக்கிடணும்ன்டாங்க சிஸ்டர். திங்கக்கெழம தவண தொடங்குறப்ப அவுங்கப்பாவே கூட்டிக்கிட்டு வருவாங்கன்னு சொல்லிட்டேன். பெட்டி அதுக்குத்தான். பள்ளிக்கூடத்து உடுப்புக்கு வெள்ளத் துணி அசீசா குடுத்தா, தச்சாச்சு."

"லிந்துலையில தங்கச்சிக்கு நான் வாக்கு..."

"தெரியும். அது ஒங்க வாக்கு. எம்புள்ளைய கேட்டா குடுத்தீங்க?"

சோலைமலை கடைசியாக ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். "நான் போகமாட்டேன்னா?"

"போகாதீங்க" என்றாள் அம்மாக்கண்ணு. "நாளைக்கி பெரட்டுக்களத்துல கண்டாக்கையா கேப்பாரு, மகளச் சேத்தாச்சான்னு. கொழாயடியில கேப்பாங்க, இத்தன சனிக்கெழமையும் சென்ட்டு மணக்க எங்க போயிட்டு வந்தீங்கன்னு. மீனுக்குன்னா, சூடத்த அணைச்ச கை. மீனுக்கு இல்லன்னா எதுக்கு? நான் என்னன்னு சொல்லட்டும், நீங்களே சொல்லுங்க."

வெளியே மழை தூற ஆரம்பித்தது. திண்டாடிப்போய், ஒங்கப்பா கல்யாணத்தன்னைக்கு என்னமோ சொன்னாரு, பாதிதான் காதில விழுந்துச்சு என்று முனகினார்.

"மீதியத்தான் இப்ப பாக்குறீங்களே" என்று சொல்லிவிட்டு, அவள் ரப்பர் புழுவைச் சோம்புக்குள்ளேயே திரும்பப் போட்டு மூடினாள்.

திங்கட்கிழமை விடியற்காலை, பெரட்டைக் கங்காணியிடம் ஒப்படைத்துவிட்டு, சோலைமலை தகரப் பெட்டியைத் தோளில் ஏற்றி, மகளோடு அட்டன் பஸ்ஸில் ஏறி, அணைக்கட்டு தெரியாத பக்கமாகப் பார்த்து உட்கார்ந்தார்.