நெல்லோடு அவிந்த கல்யாண வீடியோ

நான் என் மாமனாரை நெல்லோடு சேர்த்து அவித்தவன். அவர் இறந்து பல வருடம் ஆகியிருந்ததால் பொலிஸ் வரவில்லை. மனைவி வந்தாள். அது அதைவிட மோசம்.

மாமா பேசிச் சிரித்து ஓடித் திரிவது எங்கள் கல்யாண வீடியோவில் மட்டும்தான் இருந்தது. அவருடைய மற்றப் படங்களையெல்லாம் கடல் பொங்கி வந்தபோது கொண்டுபோய்விட்டது. வீடியோக்காரர் தராமல் இழுத்தடித்ததால் (மனிதர் செய்த ஒரே நன்மை) இது தப்பியது. மூன்று டிஸ்க்.

டிஸ்க் நாளாக நாளாகப் பழுதாகும் என்று யாரோ சொன்னார்கள். மூன்றையும் ஒரு ஹார்ட் டிஸ்கில் ஏற்றினேன். என் மனைவி சுமதியின் தங்கை மலர் கதிரவெளியில் இருக்கிறாள்; தனக்கும் அதில் ஒரு கொப்பி எடுத்துத் தரக் கேட்டாள். நல்ல சாமான் ஒன்று இருந்தால் போதும், நாலு கொப்பி வைப்பது பயந்தவன் வேலை என்று திட்டி அனுப்பினேன். (அந்த வாயில் எனக்கே அறையத் தோன்றுகிறது.)

எங்கே வைப்பது? எங்கள் ஊர் குருக்கள்மடத்தில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. கதவுப் பிணைச்சலே துருப்பிடித்து உதிரும். நனைந்த போனை அரிசிக்குள் போட்டால் ஈரத்தை இழுக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஒரு பேணி அரிசி ஒரு போனைக் காப்பாற்றுமென்றால், ஒரு மூட்டை நெல் என்னவெல்லாம் செய்யும்? ஹார்ட் டிஸ்கைப் பொலித்தீன் பையில் சுற்றி, சாப்பாட்டு நெல் மூட்டையின் நடுவில் புதைத்தேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் எடுத்து எடுத்துப் பார்த்துக் கெடுத்துவிடுவார்களாம்.

சாப்பாட்டு நெல்லை ஒருநாள் சாப்பிடுவார்கள் என்பது என் மூளைக்கு எட்டவில்லை.

ஒரு காலை டவுனுக்குப் போய்த் திரும்பினேன். முற்றத்தில் அரைப் பீப்பாய் ஆவி பறக்க நின்றது. சுமதி அகப்பையோடு நின்றாள்.

“இஞ்ச வாங்க. நெல்லுக்குள்ள சவுக்காரக்கட்டி மாதிரி ஒண்டு கிடக்கு. என்ன இது?”

பையை உதறினேன். தண்ணீர் கொட்டியது. புழுங்கல் அரிசிக்காக முதல் நாள் ஊறப்போட்டு, மறுநாள் அவித்திருக்கிறாள். முறைப்படிதான் நடந்திருக்கிறது, குறை சொல்ல முடியாது.

“கல்யாண வீடியோ,” என்றேன்.

அவள் அழவில்லை. அகப்பையைக் கீழே வைத்தாள். “அப்பாவா?” என்று மட்டும் கேட்டாள்.

இருவரும் காத்தான்குடிக்குப் போனோம். கம்ப்யூட்டர் திருத்தும் கடைக்காரர் பெட்டியைத் திறந்தார். உள்ளேயிருந்து ஒரு நெல்மணி விழுந்தது.

“அண்ணன், இது நல்லா அவிஞ்சிட்டு. இனிக் குத்தத்தான் ஏலும்.”

அவிக்காமல் வைத்திருந்தாலும் ஒருநாள் இது நின்றுதான் போகும், டிஸ்க், பென் டிரைவ் எதுவும் சாகாத சாமான் இல்லை, அதனால்தான் இரண்டு மூன்று இடத்தில் வைத்து வருடா வருடம் போட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள் என்றார். மலர் கேட்டதும் அதைத்தானே என்று சுமதி என்னைப் பார்த்தாள். பழைய டிஸ்க் இருக்கிறதா என்று அவர் கேட்டார்.

“வட்டையில, வயலுக்குள்ள,” என்றேன்.

ஹார்ட் டிஸ்க் இருக்கும்போது இந்தத் தட்டுகள் எதற்கு என்று, குருவி கலைக்க வயலில் கயிற்றில் தொங்கவிட்டிருந்தேன். (குருவி வரவில்லை. அந்த வேலையில் ஒரு குறையும் இல்லை.)

வயலுக்குப் போனோம். கயிற்றில் இரண்டு ஆடிக்கொண்டிருந்தன. வெயிலில் வெள்ளிப் பூச்சு உரிந்து, தட்டுக்கு ஊடாகப் பயிர் தெரிந்தது. மூன்றாவது இல்லை. சுமதி வரம்பு வரம்பாகக் குனிந்து தேடினாள். அவள் ஏசியிருந்தால் நானும் திருப்பி ஏசிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

தேடிக் களைத்து, காவல் வாடிக் குடிசைக்குள் போய் உட்கார்ந்தோம். மூலையில் என் தேத்தண்ணிக் கோப்பை. அதன்மேல் இருந்த மூடியை அவள் எடுத்தாள்.

“இது என்ன?”

காணாமல் போன அந்த டிஸ்க். கயிறு போதாமல் மிஞ்சியதை, ஈ விழாமல் கோப்பையை மூட வைத்துவிட்டு மறந்திருந்தேன். பத்திரமாக வைத்தது அவிந்துபோனது. சோம்பலில் போட்டது நிழலில் கிடந்து தப்பியிருந்தது.

மறுபடி காத்தான்குடி. கடைக்காரர் தேத்தண்ணிக் கறையைக் கழுவித் துடைத்துப் போட்டார். மெஷின் உறுமியது, நின்றது, மீண்டும் உறுமியது. திரையில் சாப்பாட்டுப் பந்தி. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாமா வந்தார்.

“மாப்பிள்ளைக்குச் சோறு போடுங்க. கேக்காமப் போடுங்க, அவர் சும்மா வேணாம் எண்டு சொல்லுவார்.”

சுமதி சிரித்தாள். பிறகுதான் அழுதாள். பாதியில் படம் உறைந்துவிட்டது. அந்தப் பாதி எங்களுக்குப் போதும்.

இப்போது அந்தப் பாதி எங்கள் வீட்டில் ஒன்று, மலரிடம் ஒன்று, கனடாவில் இருக்கும் மச்சானிடம் ஒன்று. எங்கள் கல்யாண நாளில் மூன்று வீட்டிலும் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது சுமதியின் சட்டம். மலர் தவறாமல் போன் எடுப்பாள்.

“அத்தான், எங்கட கொப்பி பச்சையாத்தான் இருக்கு. உங்கட எப்பிடி, அவிஞ்சிட்டா?”

“ஓடுது, ஓடுது,” என்று எரிந்துவிழுந்து போனை வைப்பேன். அதற்குள் சுமதி, கேட்காமலே என் சாப்பாட்டுக் கோப்பையில் சோற்றைப் போட்டிருப்பாள்.