என்னை முந்திப் போன சக்கரம்

இனி மாமியாரை வீட்டுக்குள் விடுவதில்லை என்று ஞாயிற்றுக்கிழமை காலை பல் தேய்க்கும்போது முடிவெடுத்தேன். வாய் நிறைய நுரை இருந்ததால் உரக்கச் சொல்ல முடியவில்லை. நுரை இல்லாவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

என் மாமியார் கெட்டவர் இல்லை. ஓய்வுபெற்ற தலைமை நர்ஸ், அதுதான் சங்கடம். போன தடவை வந்தவர் முதலில் என் டீயிலிருந்து சர்க்கரையை எடுத்தார். பிறகு சாப்பாட்டிலிருந்து உப்பை எடுத்தார். கடைசியில் மத்தியானத் தூக்கத்திலேயே கை வைத்தார். அடுத்து என்னையே எடுத்துவிடுவாரோ என்று நடுங்கிக்கொண்டிருந்தபோது நல்லவேளையாகக் கிளம்பிவிட்டார்.

இப்போது வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, மிச்சக் காலத்தை மகளோடு கழிக்கப் போகிறார். மகள்கள் இரண்டு பேர். மூத்தவள் என் மனைவி. எந்த மகள் வீடு என்பதை என்னிடம் யாரும் சொல்லவில்லை. சாமான்களை ஏற்ற என் பிக்கப் வண்டி போக வேண்டும் என்பதை மட்டும் சொன்னார்கள். வண்டி என்னுடையது என்றால் வீடும் என்னுடையதாகத்தானே இருக்கும்? வண்டி போகாவிட்டால் சகலை வேறு வண்டி பிடித்துத் தன் வீட்டுக்கு ஏற்றிப் போவார். அவர் பொறுப்பான மனிதர். அவருடைய அந்தக் குணத்தின் மேல் எனக்கு அன்றைக்கு மிகுந்த மரியாதை வந்தது.

மனைவி விடியும்போதே மூட்டை கட்ட அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். நான் மெதுவாகக் கிளம்பி, பாதி வழியில் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே இருக்கும் டீக்கடையில் வண்டியை நிறுத்தினேன். மூன்று ஸ்பூன் சர்க்கரை போடச் சொல்லி ஒரு டீ குடித்தேன். தைரியம் வந்தது. மனைவிக்குப் போன் போட்டேன்.

"வண்டி நின்னுடுச்சு. பின்னாடி இடது சக்கரம் கழண்டுக்கிட்டு நிக்குது. இனிமே ஓர் அடி நகராது."

"உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. அதை டம்ளரின் அடியில் மிச்சமிருந்த டீயோடு விழுங்கிவிட்டு, உயிர் இருக்கிறது என்று சொன்னேன்.

"எங்க நிக்கிறீங்க?"

"தண்ணித் தொட்டிக்குக் கீழ."

"சரி. அங்கயே இருங்க."

அந்த 'சரி' எனக்குப் பிடிக்கவில்லை. என் வண்டிக்குச் சவாரி பிடிப்பது, எப்போது ஆயில் மாற்ற வேண்டும் என்று சொல்வது எல்லாம் அவள்தான். நான் ஓட்டுவதோடு சரி. திடீரென்று ஒரு மெக்கானிக்கை அனுப்பி வைத்தாலும் வைப்பாள். பொய்க்கும் ஓர் ஆதாரம் வேண்டும் அல்லவா? ஸ்பேனரை எடுத்து அந்தச் சக்கரத்தின் நட்டுகள் அத்தனையையும் தளர்த்தி வைத்தேன். இவ்வளவு சிரத்தையாக அந்த வண்டிக்கு நான் எந்த வேலையும் செய்ததில்லை.

கையைத் துடைப்பதற்குள் போன் வந்தது. நான் வர வேண்டாமாம். சகலை வண்டி பிடித்துவிட்டாராம். அம்மா தங்கை வீட்டுக்கே போகிறாராம். சக்கரத்தைச் சரிபண்ணிக்கொண்டு பத்திரமாக வீட்டுக்கு வரச் சொன்னாள்.

எனக்கு உலகமே இனித்தது. இன்னொரு டீ குடித்தேன், அதே மூன்று ஸ்பூன். வண்டியில் ஏறினேன். ரேடியோவைப் போட்டேன். பின்னால் கடகடவென்று ஒரு சத்தம். ரோடு போட்டவனைத் திட்டிக்கொண்டே ரேடியோவைக் கூட்டி வைத்தேன். மேட்டில் ஏறும்போது இடது பக்கமாக ஒரு சக்கரம் என்னை முந்திப் போனது. யாரோ பாவம், சக்கரம் கழன்றதுகூடத் தெரியாமல் ஓட்டிக்கொண்டிருக்கிறான் என்று நினைத்தேன்.

நான் பரிதாபப்பட்டு முடிப்பதற்குள் வண்டி ஒரு பக்கமாக உட்கார்ந்து, தரையைத் தேய்த்துக்கொண்டு போய் நின்றது. மேடு என்பதால் வேகம் இல்லை. அதனால்தான் இதைச் சொல்ல நான் இருக்கிறேன். கீழே இறங்கினேன். உண்மையிலேயே பயந்துவிட்டேன். சக்கரம் ஒரு சலூன் வாசலில் போய்ப் படுத்திருந்தது. பாதி முகம் மழித்த ஒருவர் சோப்பு நுரையோடு வெளியே வந்து, "இது உங்களுதா?" என்று கேட்டார். மறுக்க வழியில்லை.

மனைவிக்குப் போன் போடலாம் என்றால், ஏற்கனவே கழன்ற சக்கரம் மறுபடியும் கழன்றுவிட்டது என்று எப்படிச் சொல்வது? யோசித்துக்கொண்டிருந்தபோது ஒரு லோடு ஆட்டோ மேடேறி வந்து நின்றது. அதற்கும் மூன்று சக்கரம், என் வண்டிக்கும் மூன்று சக்கரம். அது ஓடியது. பின்னால் பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே என் மனைவி உட்கார்ந்திருந்தாள். டிரைவர் பக்கத்திலிருந்து மாமியார் இறங்கினார்.

அவர் நேராக வந்து என் மணிக்கட்டைப் பிடித்து, வாட்சைப் பார்த்தார்.

"நாடி ரொம்பத் துடிக்குது. டீயில எத்தனை ஸ்பூன் சர்க்கரை போடுறீங்க மாப்பிள்ளை?"

அவர் கண் கலங்கியது.

"சின்னவ வீட்டுக்குத்தான் போறதா இருந்தேன். உங்களுக்கு என்னைப் பிடிக்காதுன்னு ஒரு நெனப்பு. எனக்காகக் கிளம்பி வந்து நடுரோட்டுல நிக்கிறீங்கன்னு கேட்டதும் மனசு கேக்கல. இனிமே உங்கள விட்டு நான் எங்கயும் போறதா இல்ல."

பேசாமல் காலையிலேயே போயிருந்தால் என் கையாலேயே அந்தக் கட்டிலைச் சகலை வீட்டில் இறக்கியிருப்பேன்.

மாமியார் சலூன்காரரிடம் எனக்குத் தண்ணீர் கேட்கப் போனார். மனைவி இறங்கி வந்து, சக்கரம் இருந்த இடத்தைக் குனிந்து பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, தூரத்தில் தலை மட்டும் தெரிந்த தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தாள்.

"ஓர் அடி நகராதுன்னு சொன்னீங்க."

"வண்டி தானா உருண்டு வந்துடுச்சு."

"மேட்டுலயா?"

நான் பேச்சை மாற்றினேன். "சகலை வண்டி பிடிச்சுட்டாருன்னு சொன்னியே?"

"அப்படிச் சொன்னாத்தான சக்கரம் உடனே சரியாகும்" என்றாள். "அம்மாவ நம்ம வீட்டுக்கு வரச் சொல்லி ஒரு மாசமா கெஞ்சுறேன், அசையல. நீங்க ஒரே போன்ல முடிச்சுட்டீங்க."

மாமியார் தண்ணீரோடு திரும்பி வருவதைப் பார்த்து, அவள் என் காதருகே வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"அடுத்த தடவ பொய் சொன்னா, கிளம்புறதுக்கு முன்னாடி நட்டை இறுக்கிடுங்க."