இல்லாத கிரேனை அகற்றிய நாள்

ஒரு விமானம் தரையைவிட்டுக் கிளம்ப இறக்கை, எஞ்சின், எரிபொருள் மூன்றும் இருந்தால் போதும் என்று பொதுமக்கள் வெகுகாலமாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நம் கதையில் வருகிற மனிதருக்கு அதில் உடன்பாடு கிடையாது. அவரைக் கேட்டால் முதலில் வேண்டியது தகவல் என்பார். வெறும் தகவல் போதாது, அதிகாரப்பூர்வத் தகவல் வேண்டும்.

அது எங்கே கிடைக்கும்? பெரிய புத்தகம் ஒன்று உண்டு. அதற்கு ஓர் இணைப்பு உண்டு. இணைப்புக்குத் திருத்தம் வரும். திருத்தம் வந்து சேர்வதற்குள் உலகம் மாறிவிட்டால் அவசர அறிவிப்பு வரும். நாலையும் பார்த்து, பதிவேட்டில் "படித்துப் புரிந்துகொண்டேன்" என்று கையெழுத்துப் போட்ட பிறகுதான் விமானி விமானத்தில் ஏறலாம். கட்டுப்பாட்டுக் கோபுரம்கூட இல்லாத அந்தச் சின்ன விமான நிலையத்தில், அவசர அறிவிப்பு எழுதும் பொறுப்பு பத்தொன்பது வருஷமாக நம்மவரிடம்தான் இருந்தது. அவர் எழுதும் வாக்கியத்துக்குள் ஓர் உட்பிரிவு இருக்கும், அதற்குள் இன்னொன்று இருக்கும். அதனால் ஆபீஸில் அவருக்கு உட்பிரிவு என்றே பெயர் நிலைத்துவிட்டது. கேலிப்பெயர் என்று தெரிந்தும் உள்ளுக்குள் அவருக்குக் கொஞ்சம் பெருமைதான்.

அன்று காலை ஒன்பது மணிக்கு அவருடைய தங்கை புருஷன் கையில் ஒரு தாளோடு வந்து நின்றார். மேலிருந்து நிலத்தைப் படம் பிடிக்கும் கம்பெனி ஒன்றில் விமானி அவர். வேலையாக முந்தின நாள்தான் இங்கே வந்து இறங்கியிருந்தார்.

"மச்சான், இந்த அறிவிப்பு நீங்க எழுதினதுதானே?"

"நடை பார்த்தாலே தெரியலையா மாப்பிள்ளை?"

"தெரிஞ்சுது. மூணு தடவை படிச்சேன். ஓடுபாதைக்குக் கிழக்கு முனையில நாப்பது மீட்டர் உயரத்துக்குக் கிரேன் நிக்குது, அதனால அந்தப் பக்கமாப் புறப்படக் கூடாது. அதானே?"

"சுருக்கிட்டீங்க. பரவாயில்ல."

"கிரேன் எங்க?"

"அதான் போட்டிருக்கே, கிழக்கு முனையில."

"கொஞ்சம் திரும்பி ஜன்னல் வழியாப் பாருங்க."

உட்பிரிவு திரும்பவில்லை. "ஜன்னல் அதிகாரப்பூர்வ ஆதாரம் இல்ல மாப்பிள்ளை" என்றார், மிகவும் மென்மையாக.

கிரேன் போய் இரண்டு மாதமாகிவிட்டது. அது அவருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் யாரிடமும் சொல்லாமல் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஆனால் அறிவிப்பை ரத்து செய்ய ஒரு படிவம் இருந்தது. அதில் பதினொரு கட்டங்கள். ஏழாவது கட்டம்: "தடைப்பொருள் அகற்றப்படுவதை நேரில் கண்ட அதிகாரியின் கையொப்பம்." யாரும் காணவில்லை. ஆகவே அகற்றப்படவில்லை. ஆகவே நிற்கிறது. இந்தப் படிவத்தை உருவாக்கியது யார் என்று மாப்பிள்ளை கேட்கவில்லை. கேட்டிருந்தால் உட்பிரிவு கொஞ்சம் வெட்கப்பட்டிருப்பார்.

"காத்து கிழக்கிலிருந்து அடிக்குது. காத்தை எதிர்த்துத்தான் கிளம்பணும். இவ்வளவு சின்ன ஓடுபாதையில வேற வழியே இல்ல" என்றார் மாப்பிள்ளை. "நாளைக்குக் காலையில அங்க நம்ம தீவுல பாப்பாவுக்கு டான்சில் ஆபரேஷன். கப்பல்ல போனா ரெண்டு நாள். இருட்டுறதுக்குள்ள அங்க போய் இறங்கணும்னா அஞ்சு மணிக்குள்ள நான் மேல இருக்கணும்."

அந்த நேரம் பார்த்துப் பாப்பாவே போனில் வந்தாள். ஏழு வயசு. "மாமா, அப்பா வராம நான் வாயைத் திறக்கவே மாட்டேன்" என்று, மூச்சு விடாமல் ஐந்து நிமிஷம் சொன்னாள்.

மாமாவுக்கு மனசு இளகிவிட்டது. எழுந்து மேலதிகாரி அறைக்குப் போனார்.

அந்த வாரம் காகிதமில்லா அலுவலக வாரம். அதை அறிவிக்கும் நாற்பது தாள்கள் சுவரெங்கும் ஒட்டியிருந்தன. மேலதிகாரி நாற்பத்தோராவதற்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஐயா, அந்தக் கிரேன் விஷயம்."

"நிக்குதே, அதுவா?"

"நிக்கல ஐயா."

"அப்ப ரத்து பண்ண வேண்டியதுதானே."

"அதை எடுத்துட்டுப் போறதை நீங்க பார்க்கலையே ஐயா."

"இல்லாததை எடுக்க முடியாது. எடுக்காததைப் பார்க்க முடியாது. பார்க்காததுக்குக் கையெழுத்துப் போட முடியாது." மேலதிகாரி பேனாவை மூடினார். "வேணும்னா திரும்பக் கொண்டுவரச் சொல்லுங்க. எடுக்கட்டும். பார்த்துக் கையெழுத்துப் போட்டுடறேன்."

அவர் கேலி செய்கிறாரா என்று உட்பிரிவு முகத்தைப் பார்த்தார். செய்யவில்லை. அதைவிட மோசம், யோசனை சரியாகத்தான் பட்டது.

அந்தக் கிரேனின் ஓட்டுநர் இப்போது இரண்டு தெரு தள்ளி ஒரு கட்டடத்தில் வேலையாக இருந்தார். விஷயத்தைப் பொறுமையாகக் கேட்டார்.

"எடுத்துட்டுப் போன கிரேனை எடுக்கறதுக்காகத் திரும்பக் கொண்டுவரணும்?"

"ஆமா."

"கொண்டுவந்ததும் எடுத்துடணும்?"

"உடனே."

"அப்ப கொண்டுவராமலே இருந்துட்டா?"

"எடுக்க முடியாதே."

ஓட்டுநர் கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நியாயம்தான்" என்றார்.

வாசல் காவலாளிதான் கொஞ்சம் தயங்கினார். உள்ளே விட அனுமதிச் சீட்டு வேண்டும் என்றார். ஏற்கெனவே உள்ளே நிற்கிற கிரேனுக்கு எதற்கு அனுமதி என்று உட்பிரிவு அறிவிப்பை எடுத்துக் காட்டினார். காவலாளி இரண்டு பக்கம் படித்தார். மூன்றாவது பக்கத்தில் ஓர் உட்பிரிவைப் பார்த்ததும் சலாம் வைத்துக் கதவைத் திறந்துவிட்டார்.

மூன்றரை மணிக்குக் கிரேன் பழைய இடத்தில் நின்றது. மாப்பிள்ளை விமானத்தை நிறுத்தும் இடத்திலிருந்து ஓடி வந்தார்.

"மச்சான், காலையில இல்லாத கிரேன் இப்ப நிக்குது."

"உங்களுக்காகத்தான் மாப்பிள்ளை."

மேலதிகாரி குடையோடு வந்து அண்ணாந்து பார்த்தார். "இது அந்தக் கிரேன் இல்லையே. அது நாப்பது மீட்டர். இது தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்குது."

ஓட்டுநர் கிரேனின் கையை மேலே தூக்கி நீட்டினார். முப்பது, முப்பத்தைந்து, நாற்பது. அந்த உச்சியில் எங்கேயோ கடகடவென்று ஒரு சத்தம் கேட்டது. மேலதிகாரி திருப்தியாகத் தலையசைத்தார். "இப்ப இது அதுதான். எடுக்கலாம்."

"அஞ்சு நிமிஷம் ஐயா, ஏதோ மாட்டிக்கிச்சு" என்றார் ஓட்டுநர்.

மேலதிகாரிக்கு அஞ்சு நிமிஷம் இல்லை. நாலே காலுக்கு மேல் கணினி எதையும் ஏற்றுக்கொள்ளாது. மணி நாலு பத்து. "எடுக்கத்தானே போறீங்க? எடுக்கறதை நான் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்?" என்று ஏழாவது கட்டத்தில் கையெழுத்துப் போட்டார். உட்பிரிவு ஓடினார். நாலு பன்னிரண்டுக்கு அறிவிப்பு ரத்தானது. நாலரைக்கு மேலதிகாரி குடையை மடக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

கிரேன் போகவில்லை. ஓட்டுநர் எஞ்சினைத் தட்டினார், திட்டினார், கெஞ்சினார். நாளைக்கு மெக்கானிக் வந்தால்தான் கை இறங்கும் என்று சொல்லிவிட்டு அதன் நிழலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மணி ஐந்து. பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக உட்பிரிவு ஆபீஸ் முடிந்த பிறகும் அங்கே இருந்தார். மாப்பிள்ளை கையில் தும்பைப்பூ மாதிரி சுத்தமான ஒரு தகவல் தாள். ஓடுபாதையில் எந்தத் தடையும் இல்லை. எதிரில் நாற்பது மீட்டருக்குத் தடை.

அப்போது தபால் விமானத்தை ஓட்டுகிறவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். வெளியே ஒரு பார்வை பார்த்தார். "அட, கிரேன் நிக்குது. இன்னைக்கு முடியாது" என்று பையை இறக்கி வைத்தார்.

உட்பிரிவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இன்னைக்கு முடியாதா? அப்ப நேத்து?"

"நேத்துப் போனேனே. தினம் அஞ்சு மணிக்குக் கிழக்கால கிளம்பிடறேன்."

"ரெண்டு மாசமாத் தடை இருந்துதே."

"தடையா? எந்தத் தடை?"

"தினமும் பதிவேட்டுல கையெழுத்துப் போட்டீங்களே, படித்துப் புரிந்துகொண்டேன்னு."

"கையெழுத்துப் போட்டேன். படிச்சேன்னா சொன்னேன்?" தபால் விமானி சமாதானமாகச் சிரித்தார். "எல்லாருமே அப்படித்தான். வெளியில பார்ப்போம், போவோம். தப்பா எடுத்துக்காதீங்க. உங்க கையெழுத்து அழகா இருக்கும், அது பார்த்திருக்கேன்."

உட்பிரிவு நாற்காலியில் உட்கார்ந்தார். பத்தொன்பது வருஷம். எத்தனை அறிவிப்பு, அதற்குள் எத்தனை வாக்கியம். ஒவ்வொரு காற்புள்ளியையும் எங்கே வைக்கலாம் என்று எத்தனை நாள் சோறு ஆறும்வரை யோசித்திருப்பார். கடைசியில் காவலாளி படித்த இரண்டு பக்கம்தான் மிச்சம்.

"நீங்க மட்டும் ஏன் மாப்பிள்ளை படிச்சீங்க?" என்றார்.

மாப்பிள்ளை தாளை நாலாக மடித்தார். "நீங்க எழுதினதாச்சேன்னு மச்சான்."

போன் அடித்தது. தங்கை.

"அண்ணா, அவர் கிளம்பிட்டாரா?"

உட்பிரிவு கணினியைப் பார்த்தார். தடை ஏதும் இல்லாததால், குறித்த நேரம் வந்ததும் அது தானாகவே "புறப்பட்டது" என்று பதிந்து வைத்திருந்தது. பொய் சொல்லியும் அவருக்குப் பழக்கமில்லை.

"ரெக்கார்டுப்படி கிளம்பிட்டாரும்மா."

தங்கை பிறந்ததிலிருந்தே அண்ணனை அறிந்தவள் அல்லவா.

"சரி விடு. இங்க டாக்டரும் அப்படித்தான் வந்திருக்கார்" என்றாள். "வருகைப் பதிவேட்டுல நாளன்னைக்கு வரைக்கும் கையெழுத்து இருக்கு. ஆளைத்தான் காணோம்."